காலியாக விட்ட காரணம்

கோவைக்குத் தெற்கே ஒரு நூற்பாலையில், சங்கம் வைக்கத் துணிந்த தொழிலாளிகளை வெளியே தள்ள முதலாளி முடிவு செய்தார். கடிதங்களைத் தயாரிக்கும் வேலை, கணினிப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த அஞ்சுகத்தின் தலையில் விழுந்தது. தள்ளப்படுகிறவர்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

"காரணம்கிற கட்டத்தைக் காலியா விடு," என்றார் மேலாளர் தீனதயாளன். சங்கம் என்று எழுதினால் சட்டம் கேட்கும். பொய்யை எழுதினால் சாட்சி கேட்பார்கள்.

"காலியா விட்டா புரோகிராம் நின்னுடும் சார். அங்க எழுத்து இருக்கான்னு அது சோதிக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? சோதனையைத் தூக்கு. என்னத்தைக் குடுத்தாலும் எழுத்தா மாத்தி அச்சடிக்கணும்."

"அப்படியே செய்யறேன் சார். உத்தரவை மட்டும் மெயில்ல போட்டுடுங்க."

அவர் போட்டார். அச்சாகி வந்த கடிதங்களில், பெரிய மனிதர்களின் வழக்கப்படி, ஒன்றையும் படிக்காமல் கையெழுத்திட்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வந்தது. கடிதக் கட்டைத் தூக்கிவர அஞ்சுகத்தையும் அவர் கூட்டிப் போனார். அதிகாரி ஒரு கடிதத்தை உரக்கப் படித்தார்: "தங்களைப் பணிநீக்கம் செய்வதற்கான காரணம்: எதுவும் இல்லை."

"யார் சொல்லி இப்படி எழுதினே?" என்று தீனதயாளன் சீறினார்.

"நான் எழுதலை சார். நீங்க காலியா விட்டதை எழுத்தா மாத்தச் சொன்னீங்க. காலிக் கட்டத்தை எழுத்தா மாத்தினா புரோகிராம் 'எதுவும் இல்லை'ன்னுதான் அடிக்கும்," என்று அவள் மெயிலை அதிகாரியிடம் நீட்டினாள்.

தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பினார்கள். மறுவாரம் அஞ்சுகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தீனதயாளன் அதைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். காரணம் மட்டும் ஒரு பக்கம் நீண்டது.

அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தவள் அக்கா ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஷிப்ட் இருந்ததாம்.