கரடி கீறிய கதவு

தேனிக்கு மேலே மலையேறிப் போய்க் காடு திருத்திய முதல் ஆள் சடையாண்டி. அவர் கட்டிய பண்ணைவீடு முழுக்க மரம். அந்த வீட்டு வாசற்கதவுக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே? முதல் வருஷமே ஒரு கரடி வந்து அதன்மேல் ஐந்து விரல் நகத்தையும் ஆழப் பதித்துவிட்டுப் போயிருந்தது.

"இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தினது நான்தான்" என்று கதவு நாள் தவறாமல் சொல்லும்.

"நீ நின்னது சரி. உன்னைத் தாங்கினது யாரு?" என்றது கதவைச் சுமந்த நிலை. "உள்ளயிருந்து ஏழு பேரு உன்மேல முதுகு குடுத்தாங்களே, அது கணக்குல வராதா?"

கதவு காதில் போட்டுக்கொள்ளாது.

சடையாண்டியின் பேரன் முத்திருளனுக்கு வீடு அலுத்துவிட்டது. அதை இடித்துவிட்டு மாடிவீடு கட்ட முடிவு செய்தார். கேள்விப்பட்டு அருங்காட்சியக அதிகாரி திலகவதி வந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இடிக்காதீங்கண்ணே. வீடா நின்னா, கூரையை நாங்களே மாத்தித் தர்றோம்."

"ஒழுகலோட எத்தனை நாள் மல்லுக்கட்டுறதும்மா?" என்றவர், மனசு கேட்காமல் கதவைப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். இந்தக் கதவைக் கழட்டிப் பாக்குறேன். வந்துச்சுன்னா தாத்தா உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். கதவை நீங்க எடுத்துக்கங்க, வீட்டை நான் இடிச்சுக்கிடுறேன். வரலேன்னா வீட்டுல கை வைக்க மாட்டேன்."

நிலை பதறிப்போனது. "நீ சுழலுற குடுமிமுளை என் குழிக்குள்ளதான் இருக்கு. இறுக்கிப் பிடிச்சுக்க. நீ அசையலேன்னா நாம எல்லாரும் பிழைச்சோம்."

கதவு யோசித்தது. கண்ணுக்குள் விளக்கு வெளிச்சமும் பார்க்க வரும் கூட்டமுமாகத் தெரிந்தது. 'இந்த ஒழுகல் கும்பலோடு எனக்கென்ன' என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தியது.

முத்திருளன் ஒரு தூக்குத்தான் தூக்கினார். கையோடு வந்துவிட்டது. இழுபறியாக இருக்கும் என்று நம்பியிருந்த அவருக்கே முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பத்தே நாளில் நிலை, தூண், பலகை எல்லாம் விறகாகிவிட்டன.

அருங்காட்சியகத்தில் கதவுக்கு மெழுகு பூசி, சுவரோடு சேர்த்து ஆணியடித்தார்கள். ஆசைப்பட்டபடியே மேலே விளக்கு எரிந்தது. எதிரே கூட்டம் நின்றது. கதவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் ஒரு பெண் கீறல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காவலாளியிடம் கேட்டாள்: "கரடி வந்தப்போ உள்ள யாருங்க இருந்தா?"

அந்த வீட்டைப் பார்த்தே இராத காவலாளி கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"உள்ள வெறுஞ்சுவருதாம்மா."