உதைபட்ட ரோபோ

சுஹராவிடம் அனிமேஷன் கற்க வந்தபோது குணசீலனின் தலை பாதி நரைத்திருந்தது. அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவர். வீட்டில் யாரும் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'டீச்சர்' என்பார்.

சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை ஒரே ஒரு காட்சி. வாசல் காவல்காரன் ஒரு நாலுகால் ரோபோவை விலாவில் உதைக்கிறான். அது தடுமாறி, விழப்போய், சமாளித்து நிற்க வேண்டும்.

குணசீலன் செய்த ரோபோ அழகாகச் சரிந்தது. அழகாக நிமிர்ந்தது.

"இது விழப்போகவே இல்லையே சார்" என்றாள் சுஹரா.

"கால் வழுக்குது பாருங்க டீச்சர்."

"வழுக்குது. ஆனா விழமாட்டோம்னு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்போ நிஜமாத் தடுமாறுறது எப்படித்தான் இருக்கும்?"

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தார். சுஹரா பின்னாலேயே போய், இரண்டு கையாலும் அவரைத் தள்ளிவிட்டாள்.

குணசீலனின் ஒரு கால் இன்னொன்றில் இடறியது. மேஜை விளிம்பைப் பிடிக்கப் போன கை காற்றைத்தான் பிடித்தது. முழங்கால் நாற்காலியில் இடித்தது. எங்கோ கோணலாகப் போய் விழுந்த பாதம் எப்படியோ அவரைத் தாங்கிக்கொண்டது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரும்பி அவளை நேராகப் பார்த்தார்.

"எதுக்குத் தள்ளினீங்க?"

"கேட்டீங்களே" என்றாள்.

அவர் போய், செய்திருந்ததையெல்லாம் அழித்தார். புதிய ரோபோ அவலட்சணமாகத் தடுமாறியது. கால்கள் பின்னிக்கொண்டன. வயிறு தரையில் உரசியது. ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே நீண்டு, காவல்காரனின் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டது. நிமிர்ந்த ரோபோ அங்கேயே நின்று அவனைப் பார்த்தது.

இயக்குநர் வந்து பார்த்தார்.

"தடுமாறுறது பிரமாதம். முடிவுதான் சரியில்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு பழைய இடத்துக்கே போகட்டும். உதை வாங்கின மிஷின் முறைக்கக் கூடாது."

"போகாது சார்" என்றார் குணசீலன். வங்கியில் எந்த அதிகாரியிடமும் அவர் அப்படிப் பேசியதில்லை.

"நீங்க மாத்தலைன்னா வேற ஆள் மாத்துவாங்க."

"மாத்தட்டும். நான் மாத்த மாட்டேன்."

இயக்குநர் சுஹராவிடம் திரும்பினார்.

"உங்க சிஷ்யர்கிட்ட நீங்களே சொல்லுங்கம்மா. ஒரு மிஷினுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?"

சுஹரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோபமெல்லாம் இல்ல சார். கால் ஊனின இடத்துல நிக்குது."