மகுடத்துக்குள் பேன்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருத மரத்துப் பொந்தில், பொன்மூக்கி என்னும் மைனா தன் மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்துவந்தது. எருமைகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது அதன் பிழைப்பு. எந்த எருமைக்கு எங்கே அரிக்கிறது என்பது அந்த எருமைக்குத் தெரிவதற்கு முன்பே பொன்மூக்கிக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காட்டில் ஒரு பழைய மகுடமும் இருந்தது. எந்தக் காலத்திலோ எந்த மன்னனோ வேட்டைக்கு வந்த இடத்தில் தொலைத்துவிட்டுப் போனது. சும்மா ஒரு மகுடம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. அதைத் தலையில் வைத்துக்கொண்டு யார் என்ன உத்தரவு போட்டாலும், கேட்பவர்களின் கைகால்கள் தாமாகவே அதைச் செய்துவிடும். மனம் மாட்டேன் என்று சொன்னாலும் கால் கேட்காது. ஆனால் மகுடம் தலையை விட்டு விழுந்தால் அத்தனை உத்தரவும் செல்லாக்காசு. அடுத்து யார் அதை எடுத்துத் தலையில் வைக்கிறாரோ, அவரே அரசர்.

முதலில் அது கடமானிடம் கிடைத்தது. கடமான் முதல் வேலையாகப் புலியைக் காட்டை விட்டுப் போகச் சொன்னது. புலியும் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. ஆனால் இரண்டாம் நாள் கடமான் பசி தாங்காமல் புல் மேயக் குனிந்தது. மகுடம் உருண்டது.

காட்டுப்பன்றி பாய்ந்து எடுத்துக்கொண்டது. எல்லோரும் தினமும் சேற்றில் குளிக்க வேண்டும் என்று பன்றி உத்தரவு போட்டது. வெள்ளைக் கொக்குகள்கூடச் சேறும் சகதியுமாகத் திரிந்தன. ஆனால் கிழங்கு வாசனை வந்தால் பன்றியால் சும்மா இருக்க முடியுமா? மண்ணைத் தோண்டக் குனிந்தது. பதவி போயிற்று.

பிறகு கரடி வந்தது. தேனீக்களை வரிசையில் நிற்கவைத்துத் தேன் வாங்கிக் குடித்தது. மழைத்துளியை நாக்கை நீட்டிப் பிடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டது. பத்து நாள் தாக்குப்பிடித்தது. பதினோராம் நாள் மழை பெய்யவில்லை. ஆற்றில் குனிந்தது. அவ்வளவுதான்.

அப்படி விழுந்த மகுடத்தை எடுத்தது கருமுகன் என்னும் கருங்குரங்கு. அதற்குக் கை இருந்தது. பழத்தைப் பறித்து நிமிர்ந்தபடியே தின்றது. தண்ணீரை அள்ளி நிமிர்ந்தபடியே குடித்தது. மகுடம் அதன் தலைக்குப் பெரிதாக இருந்ததால், உள்ளே காய்ந்த புல்லை அடைத்துக்கொண்டது. மூன்று மாதம் ஆகியும் மகுடம் அசையவில்லை. "இனி இது என் தலையை விட்டு இறங்காது" என்று கருமுகன் பீற்றிக்கொண்டபோது, பாவம், யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஒரு நாள் காலை கருமுகன் மருத மரத்தடிக்கு வந்தது. அதன் இடது கண் துடித்துக்கொண்டே இருந்தது.

"ஏ மைனா, இந்தப் பொந்து எனக்கு வேண்டும். படுத்தால் மகுடம் விழுந்துவிடும். இதற்குள் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்."

"அரசே, குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. பத்தே நாள் பொறுங்கள்."

"பத்து நாளா? மூன்று மாதமாக உட்கார்ந்தே தூங்குகிறவனிடம் பத்து நாள் கேட்கிறாய். நாளை உச்சிப்பொழுதில் உன் கூட்டை நீயே உன் அலகால் கீழே தள்ளிவிடு."

பொன்மூக்கி பொந்துக்குள் ஓடிக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டது. நாளை உச்சிப்பொழுதில் தன் அலகே தன் குஞ்சுகளைத் தள்ளும். வேண்டாம் என்று நினைத்தாலும் தள்ளும். அதை நினைத்து நினைத்து அது வாய்விட்டு அழுதது. அழுது முடித்த பிறகுதான் அதற்கு ஒன்று தோன்றியது.

"பேசும்போது அரசரின் இடது கண் ஏன் அப்படித் துடித்தது? காதோரம் அரித்தால்தானே எருமைக்குக்கூட அப்படித் துடிக்கும்?"

மறுநாள் காலை பொன்மூக்கி சபைக்குப் பறந்தது. ஆற்றோரப் பாறைமேல் கருமுகன் வீற்றிருந்தது. சுற்றிலும் கடமானும் பன்றியும் கரடியும் காத்திருந்தன. மூன்றின் கண்ணும் மகுடத்தின் மேல்தான் இருந்தது. பக்கத்துக் கிளையில் கருமுகனின் சொந்தக்காரக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. குரங்குகளுக்கு வெயில் ஏறும் நேரத்தில் அதுதான் வேலை; அதைவிடப் பெரிய சுகமும் அவற்றுக்குக் கிடையாது. கருமுகன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அரசே, பொந்து தங்களுக்குத்தான்" என்றது மைனா. "அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். தங்கள் தலையில் பேன்."

"யார் சொன்னது?"

"தங்கள் இடது கண் சொன்னது. வெளியே போகச் சொல்லி உத்தரவு போட்டுப் பார்த்தீர்களா?"

கருமுகன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "தினமும் போடுகிறேன். மகுடத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள். உள்ளே குடியிருப்பவை மதிக்கவே மாட்டேன் என்கின்றன."

"நான் எடுத்துவிடுகிறேனே. மகுடத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் குனிந்தால் போதும்."

"குனிவதா? இந்தக் கரடி என்னை வணங்கவா இங்கே உட்கார்ந்திருக்கிறது?"

"சரி, வேண்டாம். எத்தனை இருக்கின்றன என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன்." மைனா கருமுகனின் தோளில் உட்கார்ந்து, மகுடத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. "அடடா, ஊரே குடியேறியிருக்கிறது. காதோரம் ஒரு தாய்ப்பேன் நடக்கிறது. மெதுவாக நடக்கிறது. பின்னால் ஏழு குட்டிகள். இப்போது நின்றுவிட்டது, அரசே. முன்னங்காலால் சுரண்டுகிறது."

கருமுகனின் கால்விரல்கள் சுருண்டன. கேட்டுக்கொண்டிருந்த கரடி தன் வயிற்றைச் சொறிந்தது. பன்றி போய் மரத்தில் முதுகைத் தேய்த்தது.

"இப்போது எங்கே போகிறது?" என்று கருமுகன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது.

"உச்சந்தலைக்கு ஏறுகிறது. அங்கேதான் அதன் பிறந்த வீடு போலிருக்கிறது. எல்லோரும் வரவேற்க ஓடிவருகிறார்கள்."

கருமுகன் ஒரு விரலை உள்ளே விட்டது. மகுடம் சாய்ந்தது. கரடி எழுந்து நின்றது. கருமுகன் விரலை வெளியே எடுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கிளையில் ஒரு கிழக்குரங்கின் பிடரியை அதன் தங்கை இதமாகச் சொறிந்துவிட, அது கண் சொக்கி, "ஹா" என்று பெருமூச்சு விட்டது.

அந்த ஒரு "ஹா"வில் கருமுகனின் மூன்று மாத வைராக்கியம் உடைந்தது. இரண்டு கையாலும் மகுடத்தைப் பிடுங்கி வீசிவிட்டு, தலையைப் பாறையோடு தாழ்த்தி மைனாவிடம் நீட்டியது.

"பார், தாயே. சீக்கிரம் பார்."

மகுடம் பாறையில் மோதி உருண்டு கரடியின் காலடியில் நின்றது. பொன்மூக்கி கரடியையே பார்த்தது. கரடி அரசரானால் அது என்ன கேட்குமோ, யார் கண்டது?

கரடி மகுடத்தை எடுத்து உள்ளே பார்த்தது. உள்ளே இருந்த புல் தானாக அசைந்துகொண்டிருந்தது.

"பன்றியாரே, எனக்கு முன்னால் ஆண்டவர் நீங்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டியது.

"எனக்குக் கிழங்கு தோண்டுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கடமானாரிடம் கொடுங்கள்."

"என் கொம்புக்கு அது எப்போதுமே சரிப்பட்டதில்லை" என்று கடமான் இரண்டடி பின்னால் போயிற்று.

கரடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மகுடத்தை ஆற்றில் உருட்டிவிட்டது. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போயிற்று. அங்கே அது யார் தலையில் ஏறியதோ, எனக்குத் தெரியாது.

வெயில் உச்சிக்கு வந்தது. பொன்மூக்கியின் இறக்கை எங்கும் இழுக்கவில்லை. அலகு கருமுகன் தலையில் பேன் பொறுக்கும் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மனம் குளிர்ந்தது. ஆனாலும் தாய்மனம் அல்லவா? ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்தது.

"அந்தப் பொந்து விஷயம்?" என்று மெல்லக் கேட்டது.

"எந்தப் பொந்து?" என்றது கருமுகன், கண்ணைத் திறக்காமலே. "கொஞ்சம் இடது காதுக்குப் பின்னால் பாரம்மா."

நீதி: பிறர் முன் தலை குனியவிடாத பெருமை, அதைச் சுமப்பவருக்கே தண்டனை.