நட்டும் கொக்கியும்

வேன் சாமிக்கு மடம் கிடையாது. பழைய வேன் ஒன்றுக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். இடம் தருகிறோம், மடம் கட்டிக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களிடம், சக்கரம் போதும் என்று சொல்லிவிட்டார். வயதும் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. தாடியில் ஒரு நரை கிடையாது.

சீடர் பேச்சிமுத்துவுக்குத்தான் தலை முழுக்க நரை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி சொர்ணம் போன ஐப்பசியில் இறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மற்றவர்கள் சாமியிடம் முக்தி கேட்டார்கள். இவர் தூக்கம் கேட்டார்.

"அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, சாமி."

"வண்டியில ஏறுங்க, அண்ணாச்சி."

ஏறியவர் ஸ்டியரிங்கையும் வாங்கிக்கொண்டார். நான் இருக்கும்போது சாமி ஓட்டுவதாவது! ஊர்கள் மாறின. தூக்கம் மட்டும் வரவில்லை.

பங்குனியில் இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டக டக டக என்று சீராக. அந்த வேனில் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு மூடிக்குக் கீழே இன்ஜின் இருக்கும். அன்று முதல் பேச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. வண்டி நின்ற பிறகும் இன்ஜினை அணைக்க மாட்டார். மூடிமேல் கையை வைத்துக் கண்மூடி உட்கார்ந்துவிடுவார். பார்த்தவர்கள், சிஷ்யர் குருவை மிஞ்சிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். டீசல் புகைந்துகொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு காலை மலை உச்சியில் நின்றார்கள். இனிக் கீழ்வரைக்கும் இறக்கம்தான். மேகம் சாலைக்கு இறங்கி வந்து வண்டியைச் சுற்றிக்கொண்டது. முன்னால் ரோடு இல்லை, பின்னாலும் இல்லை. உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த டக டக மட்டும்தான்.

சாமி மூடியைத் தூக்கினார். பெல்ட்டில் சுற்றும் டைனமோவைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து, டைனமோ டக டக என்று ஆடிக்கொண்டிருந்தது.

"தெரியுமா, அண்ணாச்சி?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும், சாமி."

"இது கழண்டு பெல்ட் அறுந்தா?"

"விசிறி சுத்தாது, இன்ஜின் கொதிச்சு நின்னுரும். இறக்கத்துல நின்னா பிரேக்கும் சரியாப் பிடிக்காது."

"பெறகு ஏன் முறுக்கல?"



"சொர்ணத்தோட தையல் மிஷின் இப்படித்தான் கேக்கும், சாமி. டிரிப் முடிஞ்சு ராத்திரி வந்து படுப்பேன். அவ தச்சுக்கிட்டு இருப்பா. அந்தச் சத்தத்துலதான் கண்ணு சொருகும். சத்தம் நின்னா முழிச்சிருவேன். 'தச்சு முடிஞ்சிட்டு, நீங்க தூங்குங்க'ம்பா. இத முறுக்கிட்டா அவ ரெண்டாந்தடவையும் போயிருவா, சாமி."

சாமி ஸ்பேனரை எடுத்து வந்தார். முறுக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"மதினி இப்ப என்ன தைக்காங்க?"

பேச்சிமுத்து அவரைப் பார்த்தார். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரவிக்கை, சாமி. மயில்கழுத்து நிறம்."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. விடிஞ்சா கல்யாணம்லா."

"எதுவரைக்கும் ஆச்சு?"

"கை வச்சு முடிச்சாச்சு. ஓரம் அடிக்கா."

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில்மேல் படுத்தது. டக டக டக. இரண்டு பேரும் அசையவில்லை.

"ஓரமும் ஆயிட்டு, சாமி," என்றார் பேச்சிமுத்து. "இனிக் கொக்கி மட்டுந்தான்."

"கொக்கிக்கு மிஷின் வேணுமா?"

"வேண்டாம். அது கைத்தையல். விளக்குப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா வைப்பா. மிஷின் அப்ப சும்மாதான் கெடக்கும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். பிறகு அவராகவே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. சாமியின் மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். பெல்ட் விறைக்கும்படி டைனமோவை இழுத்துப் பிடித்து நட்டை முறுக்கினார். கண்ணீர் சூடான இரும்பில் விழுந்து காய்ந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மூடியைப் போட்டுவிட்டு மறுபடி இன்ஜினைக் கிளப்பினார். அது ஒரே சீராக உறுமியது. மூடிமேல் காதை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலையே, சாமி."

சாமி அவரைத் தோளைப் பிடித்து எழுப்பிக் கட்டிலில் படுக்க வைத்தார். வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். மேகம் விலகி, ரோடு கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருந்தது.

"தச்சு முடிஞ்சிட்டு, அண்ணாச்சி," என்றார். "நீங்க தூங்குங்க."