மூன்று நாற்காலிக்கு ஒருத்தி

"மைக்கில் பேசுறதுதானே வேலை? மூணு நாற்காலிக்கு ஒரே ஆள் போதும்!" என்று கன்ட்ரோல் டவருக்கு உத்தரவு போட்டவர் விமான நிலைய இயக்குநர் தாண்டவராயன். ஒருநாள் அவர் வந்த விமானமே இறங்க முடியாமல் வானத்தில் வட்டமடித்தது.

கடுப்பாகி விமானி அறைக்குள் புகுந்து அவரது மைக்கைப் பிடுங்கினார். "ஏம்மா சுத்த விடுற?"

கன்ட்ரோல் டவரில் தனியாக இருந்த மங்கையர்க்கரசி சொன்னாள்: "உங்களுக்கு முன்னால நாலு விமானம் இறங்கக் காத்துக்கிட்டு சுத்துது சார். மூணு பேர் வேலையை ஒருத்தியாப் பார்க்கிறேன். அவசரப்பட்டா ஆபத்து."

விமானத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்த தாண்டவராயனுக்கு வியர்த்தது. "நாளைக்கே ரெண்டு பேரைப் போடுறேன். உனக்குச் சம்பளமும் ஏத்துறேன்!"

"மைக்கில் முக்கியமானதைச் சொன்னா திரும்பச் சொல்லணும் சார். அதான் இங்க முறை. எல்லாம் பதிவாகுது."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொன்னார்.

உடனே வரிசையில் காத்திருந்த நாலு விமானிகளும் அதே அலைவரிசையில் ஒருவர் பின் ஒருவராகக் குரல் கொடுத்தார்கள்: "எங்களுக்கும் தெளிவாக் கேட்டுச்சு சார்!"