ஹெப்சிபா வைத்த வெல்டிங்

“கார்லே ஒரு பின்சக்கரம் சேத்துலே சும்மா சுத்துது மாஸ்டர். கெட்டித் தரையிலே நிக்கிற இன்னொண்ணு அசையவே மாட்டேங்குது,” என்றாள் ஹெப்சிபா.

கோத்தகிரியில் பழைய அமெரிக்கக் கார்களைப் பழுதுபார்க்கும் பெள்ளி அவளைவிட இளையவன். இருந்தாலும் அவனிடம்தான் அவள் தொழில் படித்தாள்.

அவள் வீடு தேயிலைச் சரிவுக்குக் கீழே. கணவன் சாம்சனுக்கு நடக்க முடியாது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மண்சாலை ஏறியாக வேண்டும். கையில் இருப்பதோ அவனுடைய பழைய அமெரிக்கக் கார், ஃபால்கன். போன வாரம் அது பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

“என்ன செய்யலாம்னு இருக்கீங்க அக்கா?”

“ரெண்டு பின்சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியலைத் திறந்து உள்ளே இருக்கிற பல்சக்கரத்துக்கு வெல்டிங் வெச்சிடுறேன். அப்புறம் ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தியாகணும்.”

“வைங்க.”

வைத்தாள். பெள்ளியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தாள். கார் சேற்றை உழுதுகொண்டு மேலேறியது. ஹெப்சிபா சிரித்தாள்.

தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. கார் திரும்பாமல் பள்ளத்தைப் பார்த்து நேரே போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

பெள்ளி இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“என் கையைப் பிடிச்சுக்கிட்டு வளைவோட நடங்க. நான் உள்பக்கம், நீங்க வெளிப்பக்கம். எனக்கும் உங்களுக்கும் ஒரே அளவு அடி.”

நடந்தார்கள். பாதி வளைவிலேயே அவள் பின்தங்கினாள். தோள் இழுபட்டது.

கையை விட்டாள்.

“எனக்குத் தூரம் ஜாஸ்தி. வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அப்படித்தான்,” என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் காருக்கு அடியில் படுத்தாள். வெல்டிங் வைத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு நல்ல பல்சக்கரங்களைக் கோத்தாள். பெள்ளி உதவ வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மழை முந்திக்கொண்டது. பின்சீட்டில் சாம்சன். முன்னால் அவளுக்குப் பக்கத்தில் பெள்ளி.

மண்சாலையில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றியது. மற்றது நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, சுற்றியதுதான் இன்னும் வேகமாகச் சுற்றியது.

“நிக்கிறதை எப்படி மாஸ்டர் கிளப்புறது?”

“அதை விடுங்க அக்கா. சுத்துறதைக் கொஞ்சம் பிடிங்க.”

ஹெப்சிபா யோசித்தாள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே, பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்தாள்.

வீணாய்ச் சுற்றிய சக்கரம் தளர, விசை நின்ற சக்கரத்துக்குப் போனது. கார் ஒருமுறை குலுங்கியது.

“ஏறுது,” என்றான் சாம்சன்.