பயமே வராத டெஸ்டர்

ஒரு ஊரில் ஒரு நூல்மில் இருந்தது. அதன் மின்சாரப் பிரிவில் இசக்கியம்மாள் தொழில் பழகுநராகச் சேர்ந்தாள். வேலையும் பழகலாம், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். அவள் கையில் ஒரு தோல் பையைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுருள் இன்சுலேஷன் டேப், போன ஆள் விட்டுப்போன பழைய டெஸ்டர், உறை பிரிக்காத புது டெஸ்டர் ஒன்று.

ஒயரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுச் சொல்வதுதான் டெஸ்டரின் பிழைப்பு. நம்ம புதுசுக்கோ கரண்ட் என்றாலே குலைநடுக்கம். காலையில் இசக்கி அதைப் பிளக் ஓட்டைக்குள் விட்டாள். ஐயோ! உச்சி முதல் நுனி வரை வெடவெடத்துப் போனது. வயிற்றுக்குள் இருந்த குட்டி பல்பு சிவப்பாய் எரிந்து, அது பயந்ததை ஊருக்கே காட்டிக் கொடுத்தது.

பைக்குள் திரும்பியதும் பழைய டெஸ்டர் சிரித்தது. "என்னலே, இப்படி நடுங்குதே? என்னையப் பாரு. எந்த ஒயர்ல வச்சாலும் அசைய மாட்டேன்."

"உங்களுக்குப் பயமே வராதா, பெரியவரே?"

"பயமா? அது எந்தக் கடையில விக்குது?"

புதுசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயந்தாங்கொள்ளி என்று தூக்கிப் போட்டுவிட்டால் எங்கே போவது? மெல்ல நழுவி, இன்சுலேஷன் டேப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

மத்தியானம் ஒரு மோட்டார் நின்றுபோனது. சீனியர் ஞானதிரவியம், "மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ஒயரைக் கழத்து பிள்ளே" என்றார். இசக்கி பைக்குள் கையை விட்டாள். அகப்பட்டது பழைய டெஸ்டர்தான். அதை ஒயரில் வைத்தாள். பல்பு எரியவில்லை.

"ஒண்ணுமே இல்ல! தைரியமா தொடு!" என்றது பழையது.

அவள் விரல் ஒயரை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" என்று டேப்புக்கு அடியிலிருந்து புதுசு அலறியது. அது அலறினால் யார் காதில் விழும்? நான் ஒளியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனே, பாவி நானே கொன்றுவிட்டேனே என்று பதறித் துடித்தது.

விரல் செம்புக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நடுங்கியது.

"என்ன பிள்ளே, பயமா?"

"ஆமா அண்ணாச்சி. ரொம்பப் பயமா இருக்கு. எதுக்கும் இந்த டெஸ்டரையே ஒரு மட்டம் பாத்துக்கிடுதேன்."

பக்கத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த போர்டிலேயே இன்னொரு பிளக் ஓட்டையில் பழையதைச் செருகினாள். அங்கேயும் பல்பு எரியவில்லை. இசக்கிக்கு முகம் வெளிறிவிட்டது. பையைத் தலைகீழாகக் கொட்டி, புதுசை எடுத்து, மோட்டார் ஒயரில் வைத்தாள்.

புதுசு வெடவெடத்தது. பல்பு பளிச்சென்று சிவந்தது.

ஞானதிரவியம் ஓடிப்போய்ப் பார்த்தார். அவர் அணைத்தது பக்கத்து மோட்டாரின் மெயின். "ஆண்டவரே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இசக்கி பழையதைக் குப்பையில் வீசினாள்.

பைக்குள் திரும்பியதும், நடுக்கம் தீராமலே புதுசு கட்டிங் பிளேயரிடம் கேட்டது: "அண்ணே, பெரியவருக்கு எப்படி அண்ணே பயம் போச்சு?"

"பயம் எங்கலே போச்சு? அவருக்குப் பல்புல்லா போச்சு!"